ஆறு சைக்கிள், ஒரே அடுப்பு: கோடையில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகச் சைக்கிளில் கடக்க 12 முதல் 13 வாரம் வேண்டும். ஜூன் நடுவில் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் கிளம்பினால் செப்டம்பர் முதல் பாதியில் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் போய் இறங்கலாம். பத்து மாநிலங்கள், ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர். நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். ஆறு பேரும் சேர்ந்தே முடித்தோம். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஏனென்றால், வழியில் சந்தித்த குழுக்களில் சில பாதியிலேயே பிரிந்திருந்தன. முழங்கால் வலியால் பிரிந்ததாக யாரும் சொல்லவில்லை. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாருக்காக யார் நிற்பது, ராத்திரி என்ன சமைப்பது என்பதை வீட்டில் இருக்கும்போதே பேசி முடிக்காததால் பிரிந்தார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் கியரைவிட அடுப்பைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

பாதையும் திசையும்

பாதை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்அமெரிக்கா டிரெயில் என்ற பெயரில் தயாராக இருக்கிறது. கிரெக், ஜூன் சைப்பிள் தம்பதியும் டேன், லிஸ் பர்டன் தம்பதியும் 1973-இல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்கா நோக்கிச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டான 1976-இல் 'பைக்சென்டெனியல்' என்ற பெயரில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் மிதித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முழு நீளத்தையும் முடித்தார்கள். அன்று தொடங்கிய அமைப்புதான் இன்று மொன்டானாவின் மிசூலாவில் இருக்கும் அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன். அவர்கள் இந்தப் பாதைக்கு 12 பகுதிகளாக வரைபடம் போடுகிறார்கள். எங்கே தண்ணீர், எங்கே மளிகை, எங்கே கூடாரம் போடலாம், அடுத்த சைக்கிள் கடை எத்தனை மைலில் என்று எல்லாம் அதில் உண்டு. போனில் இருந்தாலும் காகிதப் பிரதியும் வாங்குங்கள், இரண்டு செட். அதன் காரணம் பின்னால் வரும்.

மேற்கிலிருந்து கிழக்கா, கிழக்கிலிருந்து மேற்கா? 'காற்று முதுகில் இருக்கும், மேற்கிலிருந்தே கிளம்பு' என்று எல்லாரும் சொல்வார்கள். வயோமிங்கில் அது பெரும்பாலும் உண்மை. கான்சஸில் கோடைக்காற்று தெற்கிலிருந்து விலாவில் அடிக்கும், எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான். உண்மையில் பார்க்க வேண்டியது பனியையும் வெயிலையும். கிழக்கிலிருந்து வந்தால் மே மாதமே கிளம்பி, பழகாத காலோடு அப்பலாச்சிய மலையின் செங்குத்தான ஏற்றங்களை முதல் வாரமே ஏற வேண்டும். மேற்கிலிருந்து வந்தால் ஏற்றங்கள் நீளமாக, சரிவு குறைவாக இருக்கும். கால் மெல்லப் பழகும். ஆனால் ஓரிகனின் மெக்கென்சி கணவாயில் பனி அகற்றி வாகனங்களுக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் நடுவுக்குப் பிறகுதான். கிளம்பும் முன் அது திறந்துவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்டியம் கணவாய் வழியாகச் சுற்ற வேண்டும். மேற்கிலிருந்து கிளம்புவதற்குக் கொடுக்கும் விலை, கான்சஸை ஜூலைக் கடைசியில் கடப்பது. அந்தச் சூட்டுக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அனுபவம் குறைந்த குழுவுக்கு மேற்கிலிருந்துதான் நான் சொல்வேன்.

நாள் கணக்கு எளிது. ஓடும் நாளில் சராசரி 95 கிலோமீட்டர், ஆறு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. அதோடு புயல், பழுது, காய்ச்சல் என்று ஏழெட்டு நாள் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

ஆறு பேர், ஒரு பக்க ஒப்பந்தம்

நாலு பேருக்குக் குறைந்தால் சமையலும் சுமையும் பங்கிட ஆளில்லை. எட்டுக்கு மேல் போனால் சிறிய ஊர்களில் படுக்க இடம் கேட்பதே சிரமம். ஆறு நல்ல எண். எங்களில் இளையவனுக்கு 23 வயது, கல்லூரி முடித்த கையோடு வந்தான். மூத்தவருக்கு 61. பெரம்பூரில் ரயில் பெட்டி வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். எல்லாரும் அவரை மாமா என்போம். நடுவில் ஒரு தம்பதி, மதுரையிலிருந்து வந்து இங்கே நர்ஸாக வேலை செய்யும் அக்கா ஒருவர், நான்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். இதைத் தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் எழுதியவை இவை:

முதலாவது, அன்றைய தூரத்தை நம்மில் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் முடிவு செய்யும். வேகமாகப் போக ஆசைப்படுகிறவர் முன்னால் போகலாம், ஆனால் சேர்ந்த இடத்தில் தண்ணீர் பிடித்து, இடம் பார்த்து, அடுப்பு மூட்ட வேண்டியது அவர் பொறுப்பு. இந்த ஒரு விதியால் எங்கள் இளையவன் பத்தாம் நாளே நல்ல சமையல்காரன் ஆகிவிட்டான்.

இரண்டாவது, பொதுப்பணம். நாளொன்றுக்கு ஆளுக்கு 40 டாலர் என்று வாரத் தொடக்கத்தில் ஒரே பையில் போட்டோம். மளிகை, கூடார வாடகை, டியூப் எல்லாம் அதிலிருந்து. ஐஸ்கிரீமும் ஓட்டல் அறையும் அவரவர் கையிலிருந்து. கணக்கு ஒருவரிடம் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றினோம்.

மூன்றாவது, யாராவது நடுவில் விலக நேர்ந்தால் என்ன? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் கேட்கக் கூடாது, அருகிலுள்ள பேருந்து நிலையம்வரை கொண்டுவிடுவது குழுவின் கடமை என்று எழுதினோம். வழி திறந்திருப்பது தெரிந்தால் ஆளுக்கு மனம் லேசாகும். யாரும் விலகவில்லை.

நாலாவது, ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டபின் அரைமணி நேரக் கூட்டம். மனசில் இருக்கும் குறையை அங்கே சொல்லலாம். சாலையில் சொல்லக் கூடாது.

சைக்கிளும் சுமையும்

இரும்புச் சட்டம், 36 ஸ்போக் சக்கரம், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், பின்னால் பெரிய பல்சக்கரம் கொண்ட கியர். இவை இருந்தால் போதும். ரேஸ் சைக்கிள் வேண்டாம். சுமை ஆளுக்கு 15 முதல் 18 கிலோவுக்குள் நிற்கட்டும்.

குழுவாகப் போகும்போது முக்கியமானது ஒன்று உண்டு: ஆறு பேருக்கும் ஒரே அளவுச் சக்கரம், ஒரே வகை வால்வு, முடிந்தால் ஒரே வகை பிரேக் கட்டை. அப்படி இருந்தால் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு மடக்கு டயர், எட்டு டியூப் போதும். இல்லையென்றால் ஆளாளுக்குத் தனிச் சுமை. பொதுவாகக் கொள்ள முடியாத ஒரே பொருள், பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் தாங்கி. அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். ஒரு தடவை சைக்கிள் விழுந்தால் வளையும், மறுதடவை முறியும். கிராமத்துக் கடையில் கிடைக்காது. ஆளுக்கு ஒன்று வாங்கிச் சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். பின்சக்கரத்துக்கான நீளத்தில் நாலு ஸ்போக், செயின் கழற்றி, இரண்டு பம்பு, குறடு, ஆலன் சாவி செட் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

அந்தப் பையை யார் தூக்குவது என்பதும் விதிதான். அன்றைக்குக் கடைசியாக வருகிறவர் தூக்குவார். முன்னால் போகிறவரிடம் கருவிப் பை இருந்து பின்னால் வருகிறவருக்குப் பஞ்சரானால் என்ன பயன்? மருந்துப் பெட்டியும் அவரிடமே. கடைசி ஆள் தினமும் மாறுவார்.

பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி ஹேண்டில்பாரிலோ ஹெல்மெட்டிலோ ஆளுக்கு ஒன்று கட்டாயம். பின்விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து வாரம் முன்னதாகத் தொடங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து மிதியுங்கள். இரண்டாம் நாள் களைத்த காலோடு சீட்டில் ஏறுவதுதான் பயிற்சி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு முழுச் சுமையோடு, ஆறு பேரும் சேர்ந்து, இரண்டு ராத்திரி வெளியில் தங்கிப் பாருங்கள். எதெல்லாம் வேண்டாத சாமான் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஓடும் விதம்

விடியற்காலை 5 மணிக்கு எழுந்து 6 மணிக்குச் சாலையில் இருக்க வேண்டும். காற்று எழுவது பெரும்பாலும் முற்பகலுக்கு மேல்தான். மலைப்பகுதியில் இடிமழை பிற்பகலில் வரும். சாலையில் பெரிய வண்டிகளும் 9 மணிக்குமேல்தான் கூடும். பகல் 1 மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும்.

ஆறு பேரும் சேர்ந்து ஒரே வரிசையில் போவது பார்க்க அழகு, ஆனால் ஆபத்து. பின்னால் வரும் லாரிக்கு ஆறு சைக்கிளையும் ஒரே மூச்சில் தாண்ட இடமிருக்காது. பொறுமையிழந்து வளைவில் தாண்டுவார். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் ஒரு லாரி உள்ளே வந்து நிற்கும் அளவு இடைவெளி விடுங்கள். ஜோடிக்குள்ளும் ஒருவர் பின் ஒருவராகத்தான்.

திருப்பத்தில் நிற்பது அடுத்த விதி. பாதை எங்கெல்லாம் வேறு சாலைக்குத் திரும்புகிறதோ அங்கெல்லாம் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். இதை நாங்கள் முதலில் எழுதவில்லை. வயோமிங்கில் மடி கேப் என்ற சந்திப்பில் கற்றுக்கொண்டோம். மனித வாசமே இல்லாத வெளி அது. ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு சாலை. வலதுபக்கம் திரும்பினால் ராலின்ஸ், எங்கள் வழி. நேராகப் போனால் காஸ்பர். இளையவன் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மேற்குக் காற்று முதுகில் தள்ள, மிதிக்காமலே சைக்கிள் பறந்த சந்தோஷத்தில் காஸ்பர் சாலையில் 30 கிலோமீட்டர் போய்விட்டான். போனில் சிக்னல் இல்லை. வரைபடம் எங்களிடம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில். நாலரை மணி நேரம் கழித்து உதடு வெடித்து, தண்ணீர் தீர்ந்து வந்து சேர்ந்தான். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உட்காருப்பா, முதல்ல இதைக் குடி" என்று உப்புப் போட்ட மோரை நீட்டினார். அவன் குடித்து முடித்துவிட்டு அழுதான். அன்று ராத்திரியே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தோம்: திருப்பத்தில் நில், முன்னால் போகிறவரிடம் ஒரு காகித வரைபடம். ஆறு பேருக்கும் சேர்த்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அது கடைசி ஆளிடம் இருக்க வேண்டும் என்றும் அன்றுதான் முடிவானது.

அடுப்பு

நாளெல்லாம் மிதித்தவனுக்கு ராத்திரி வரும் பசி வேறு மாதிரி. அதைப் பெட்ரோல் பங்க் பீட்சாவால் அடக்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் வயிறு கேட்காது. அசைவம் சாப்பிடாதவருக்குச் சிறிய ஊர்களில் அதுவும் இருக்காது. சேர்ந்து சமைத்தால் செலவு பாதி. அதைவிட, பகலில் முகம் திருப்பிக்கொண்ட இருவர் ராத்திரி வெங்காயம் உரித்துக்கொண்டே பேசிவிடுவார்கள். சமையல் முறை இருவர் இருவராக: ஒரு ஜோடி சமைக்கும், ஒரு ஜோடி பாத்திரம் கழுவும், ஒரு ஜோடிக்கு ஓய்வு. ஜோடிகள் வாரம் ஒருமுறை மாற வேண்டும்.

பெட்ரோலில் எரியும் அடுப்பு வாங்குங்கள். கேஸ் டப்பா சிறிய ஊர்களில் கிடைக்காது. பெட்ரோல் எங்கும் கிடைக்கும். விமானத்தில் எரிபொருள் எடுத்துப்போக முடியாது, போய் இறங்கியபின் வாங்க வேண்டும். பாத்திரம் ஒன்றே ஒன்று, ஐந்து லிட்டர் அலுமினியம். ஒரு கிலோ ரவைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக் கிண்டினால் ஆறு பேருக்குத் தாராளமான உப்புமா. ரவையை வீட்டிலேயே சிவக்க வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்துக் கலந்து பொட்டலம் போட்டுவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவதுதான் வேலை.

ரவையை நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. கொலராடோவில் 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு அங்கே வேகாது. அரிசியும் நடுவில் கல்லாக நிற்கும். ரவை வேகும். உடைத்த மைசூர்ப் பருப்பு, பகலெல்லாம் டப்பாவில் ஊறிக்கொண்டே வந்தால், வேகும்.

பொருளைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், தபாலில் அனுப்பலாம். உங்கள் பெயர், 'ஜெனரல் டெலிவரி', ஊர், அஞ்சல் எண் என்று எழுதி அனுப்பினால் அந்த ஊர் அஞ்சலகம் பார்சலை வைத்திருக்கும். வழக்கமாக 15 நாள், அனுப்புபவர் மேலே எழுதிக் கேட்டுக்கொண்டால் 30 நாள் வரை. அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ஓரிகனின் பேக்கர் சிட்டி, வயோமிங்கின் லேண்டர், கான்சஸின் நியூட்டன், கென்டக்கியின் பெரியா என நாலு இடம் வைத்தோம். ஒவ்வொன்றிலும் ரவைப் பொட்டலம், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய். சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் போய்ச் சேராதபடி நாளைக் கணக்குப் போடுங்கள். திங்கள்வரை உட்கார வேண்டியிருக்கும்.

மோர் பற்றியும் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் 'பட்டர்மில்க்' என்று அட்டைப்பெட்டியில் விற்பது நம் மோரைவிடக் கெட்டியான புளித்த பால். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், தாராளமாக உப்பு, இஞ்சி தட்டிப் போட்டால் நீர்மோர். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடலில் உப்புச் சத்து இறங்கி, தலைவலியும் குமட்டலும் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. நர்ஸ் அக்கா எங்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பு உள்ளே போயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஓரிகனிலிருந்து மொன்டானா வரை

முதல் நாலு நாள் கடலோரத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். உடம்பும் சீட்டும் பழக வேண்டும். உள்நாட்டுக்குத் திரும்பினால் மெக்கென்சி கணவாய், 1,600 மீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு. இதைத் தாண்டியதும் ஓரிகனின் கிழக்குப் பாதி வறண்ட நிலம்.

இங்கேதான் பழைய சிநேகிதம் ஒன்று காத்திருக்கும். கூடாரம் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் நாலு சைக்கிளில் காற்று இல்லை. டயரைச் சுற்றிப் பார்த்த மாமா, மரநிறத்தில் கொம்பு முளைத்த ஒரு முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது நம்ம நெருஞ்சிப்பா." உண்மைதான். இங்கே 'கோட்ஹெட்' என்கிறார்கள், ஆட்டுத்தலை. அதே செடிதான், இந்த நாட்டுக்கு வந்தேறியது. ஓரிகன், கொலராடோ, கான்சஸ் என்று வறண்ட இடமெல்லாம் உண்டு. சைக்கிளைப் புல்லிலோ சாலையோர மண்ணிலோ உருட்டாமல் கையில் தூக்கிப் போங்கள். நிற்கும்போதெல்லாம் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பஞ்சர் ஒட்டும்போது முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து நிற்கும். அதைச் சிறு இடுக்கியால் எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பத்து நிமிடத்தில் போகும்.

ஐடஹோவில் லாக்சா ஆற்றோரம் ஏறி லோலோ கணவாய்க்குப் போகும் சாலையில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்குக் கடையும் இல்லை, சிக்னலும் இல்லை. முந்தின நாளே இரண்டு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலைக்குமேல் இந்தப் பகுதியில் காட்டுத்தீப் புகை வரலாம். காற்றின் தரத்தைத் தினமும் பாருங்கள், முகமூடி பையில் இருக்கட்டும். புகை அடர்ந்தால் ஊரில் நின்றுவிடுங்கள். விறகு மூட்டத் தடை இருக்கும் காலத்தில் நிறுத்துக் குமிழ் உள்ள அடுப்பை மட்டும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிசூலாவில் இரண்டு நாள் ஓய்வு. நாங்கள் போனபோது அட்வென்ச்சர் சைக்கிளிங் அலுவலகத்துக்கு வரும் பயணிகளைப் படமெடுத்துச் சுவரில் மாட்டினார்கள், ஐஸ்கிரீமும் தந்தார்கள். பல ஆண்டுகளாக வந்து போனவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு மணி நேரம் நின்றோம்.

யெல்லோஸ்டோன், வயோமிங், ஹூசியர்

யெல்லோஸ்டோனில் சாலை குறுகல், கோடையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். விடிந்ததும் கிளம்பி 10 மணிக்குள் ஓட்டத்தை முடிப்பது நல்லது. பைசன் என்ற காட்டெருதுக்கு 25 கெஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. சாலையில் பைசன் வந்தால் சைக்கிளோடு போட்டி போடாதீர்கள். கார் ஒன்றின் மறைவில் சேர்ந்து கடந்துவிடுங்கள். கரடிக்கு மணம்தான் வழிகாட்டி. பெருங்காயம், ஊறுகாய், பற்பசை, சோப்பு, சமைக்கும்போது போட்டிருந்த சட்டைகூட கூடாரத்துக்குள் கூடாது. அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கோடையிலும் ராத்திரி உறைநிலைக்கு அருகில் போகும்.

வயோமிங்கில் காற்றுக்கும் தண்ணீருக்கும்தான் கணக்கு. லேண்டரிலிருந்து ராலின்ஸ் வரை 200 கிலோமீட்டர். ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஜெஃப்ரி சிட்டி, யுரேனியச் சுரங்கம் மூடியபின் காலியான ஊர். அங்கே தேவாலயக் கூடத்தில் சைக்கிள் பயணிகளைத் தங்க விடுகிறார்கள். உள்ளே சுவரெங்கும் வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன வரிகள்.

கொலராடோவின் ஹூசியர் கணவாய் 3,500 மீட்டருக்கு மேல், பாதையிலேயே உயரமான இடம். மேற்கிலிருந்து வருகிறவர் இதற்குள் இரண்டு வாரமாக உயரத்தில் இருந்திருப்பார், மூச்சு பழகியிருக்கும். பிரெக்கன்ரிட்ஜில் தூங்கி விடியலில் ஏறி, மத்தியானத்துக்குள் உச்சியைத் தாண்டிவிடுங்கள். பிற்பகல் மின்னலின்போது உச்சியில் சைக்கிளோடு நிற்கக் கூடாது. இறங்கும்போது முழங்கை உறை, காற்றுப் புகாத சட்டை வேண்டும்.

கான்சஸ்

ஏற்றமே இல்லாத மாநிலத்தில் என்ன கஷ்டம் என்று நினைப்போம். இங்கேதான் எங்களுக்கு மிகக் கடினம். 38 டிகிரியைத் தாண்டும் நாள்கள் சாதாரணம், நிழல் கிடையாது. 96-ஆம் எண் சாலை நேர்கோடாகப் போகும். தூரத்தில் வெள்ளையாகத் தானியக் கிடங்கு தெரியும், பக்கத்தில் இருப்பதுபோல. அதை அடைய ஒரு மணி நேரமாகும்.

நேரத்தை மாற்றினோம். அதிகாலை 4 மணிக்குச் சாலை, 11 மணிக்கு நிறுத்தம். பகலெல்லாம் ஊர் நூலகத்தில். குளிர்ச்சாதனம் உண்டு, தண்ணீர் உண்டு, அமைதியாகப் படுக்காமல் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாலை நகராட்சி நீச்சல் குளத்தில் குளியல். ராத்திரி பூங்காவில் கூடாரம். பல ஊர்களில் சைக்கிள் பயணிகளைப் பூங்காவில் தங்க அனுமதிக்கிறார்கள், ஆனால் முன்னதாகக் காவல் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி ரோந்து வருகிறவர் எழுப்ப மாட்டார்.

ஒரு ஊரில் எல்லாம் சொல்லி, பச்சைப் புல்லாகப் பார்த்துக் கூடாரம் போட்டோம். நள்ளிரவு 2 மணிக்குத் தரைக்குள்ளிருந்து 'சிர்' என்று சத்தம். அடுத்த நொடி நாலா பக்கமும் தண்ணீர். புல்லுக்கான தானியங்கித் தெளிப்பான். தூக்கப் பைகள் நனைந்து மறுநாள் ஓட்டமே இல்லை. அதன் பிறகு புல்லில் விரலகலக் கறுப்பு மூடிகள் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரிந்தால் கூரை போட்ட சிமென்ட் தரைக்குப் போனோம். ஆணி அடிக்காமல் தானே நிற்கும் கூடாரம் வாங்கச் சொல்வது இதற்காகவும்தான். சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதினால் கூடாரத்தை விட்டுவிட்டு, பூங்காவின் கட்டடக் கழிப்பறைக்குள் போங்கள்.

மிசௌரியிலிருந்து கடல் வரை

மிசௌரியின் ஓசார்க் மலை குட்டையானது, ஆனால் ஏறியதும் இறங்கி உடனே ஏறும். ராக்கி மலை ஏறிய கால் இங்கே நடுங்கும். நாள் தூரத்தை 70 கிலோமீட்டராகக் குறையுங்கள். ஃபார்மிங்டனில் பழைய சிறைக் கட்டடம் ஒன்று சைக்கிள் பயணிகளுக்கான தங்குமிடமாகியிருக்கிறது, துவைக்கவும் சமைக்கவும் வசதி உண்டு. இலினாய் மாநிலத்துச் செஸ்டரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது ஆறு பேரும் விளக்கெரிய நெருக்கமாகச் சேர்ந்து போகலாம். நான் சொன்ன இடைவெளி விதிக்கு அந்தப் பாலம் மட்டும் விதிவிலக்கு. பாப்பாய் கார்ட்டூனைப் படைத்த எல்சி சீகர் பிறந்த ஊர் இது, இங்கே பாப்பாய் சிலை நிற்கிறது. ஒஹாயோ ஆற்றைக் கேவ்-இன்-ராக் என்ற இடத்தில் படகில் கடக்கலாம், கட்டணம் கிடையாது.

கிழக்குக் கென்டக்கியில் நாய்கள் கட்டவிழ்ந்து ஓடிவரும். வேகமெடுத்தால் அவையும் வேகமெடுக்கும். நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, உரத்த குரலில் அதட்டுங்கள். பெரும்பாலானவை வீட்டெல்லையோடு திரும்பிவிடும். கடித்தால் சிறு கீறலானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டை கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

வர்ஜீனியாவில் வெசூவியஸ் ஊரிலிருந்து புளூ ரிட்ஜுக்கு ஏறும் சாலை குறுகியது, செங்குத்து. இறங்கித் தள்ளினால் வெட்கமில்லை. மலைமேல் ஆஃப்டனில் ஜூன் கறி என்ற பெண்மணி 1976-இலிருந்து 2012-இல் இறக்கும்வரை, களைத்து வந்த சைக்கிள்காரர்களுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துவந்தார். 'குக்கி லேடி' என்று அவரை அறியாத பயணி இல்லை. எங்கள் பொதுப்பையில் மீதமிருந்த கடைசிப் பருப்புப்பொடியும் நெய்யும் கலந்து அன்று மதியச் சோற்றை அந்த ஊரில்தான் சாப்பிட்டோம்.

வில்லியம்ஸ்பர்கிலிருந்து யார்க்டவுனுக்குக் காலனியல் பார்க்வே. கூழாங்கல் பதித்த கான்கிரீட் சாலை, கை அதிரும். டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். யார்க்டவுன் நினைவுத் தூணருகே படம் எடுத்துக்கொண்டு யார்க் ஆற்றங்கரை மணலில் இறங்கினோம். பசிபிக்கில் பின்சக்கரம் நனைத்தோம், இங்கே முன்சக்கரம். அதுதான் வழக்கம். ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் அக்கா பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை கரையில் காத்திருந்தோம்.

வீடு திரும்ப, ஒரு வாரம் முன்பே அந்தப் பக்கத்துச் சைக்கிள் கடைகளுக்குப் போன் செய்து அட்டைப்பெட்டி ஆறு கேட்டு வையுங்கள். செப்டம்பரில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அடுப்பையும் எரிபொருள் புட்டியையும் நன்றாகக் கழுவி உலர்த்தி, மணம் போனபின்தான் கட்டுங்கள்.